நூறு கிலோமீட்டரா, நூறு பலாப்பழமா?

பண்ருட்டியில் பலாப்பழ சீசன் சூடுபிடிக்கும் வைகாசி மாதத்தில், என் தாய்மாமாவின் அம்பாசிடர் தெருமுனை திரும்பும் முன்பே அத்தை உலையில் அரிசி போட்டுவிடுவார். சத்தம்தான் அடையாளம். அது அம்பாசிடர் போடுகிற சத்தமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மேட்டடார் வேன் வருகிறது என்றுதான் எவரும் சொல்வார்கள். சொல்வதும் சரிதான். பானெட்டைத் திறந்தால் உள்ளே இருந்தது மேட்டடார் டீசல் இன்ஜின்.

இன்ஜின் மாற்றிய நாளில் நானும் கூட இருந்தேன். ஊருக்கு வெளியே ஒரு பட்டறை. புளியமரக் கிளையில் செயின் பிளாக்கைக் கட்டி, பழைய பெட்ரோல் இன்ஜினைக் கிணற்றிலிருந்து குடம் தூக்குவதுபோலத் தூக்கி வெளியே வைத்திருந்தார்கள். காலி பானெட்டுக்குள் எட்டிப் பார்த்த மாமா பட்டறைக்காரரிடம் கேட்டார்:

"பாய், நூறுல போவுமா?"

"நூறுல போறதுக்கா இந்த இன்ஜின்? நூறு பலாப்பழம் ஏத்துங்க, அப்பவும் போவும். அதக் கேளுங்க மொதலாளி."

அம்பாசிடருக்குள் நூறு பலாப்பழம் ஏறாது, ஏறினால் பின்பக்க லீஃப் ஸ்பிரிங் தரையைத் தொடும். ஆனாலும் அந்தப் பதிலுக்குள் இயக்கவியல் பாடப்புத்தகத்தின் பாதி அடங்கியிருக்கிறது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் உறைத்தது.

அமெரிக்காவில் இதே வேலையை நேர் எதிரான ஆசையோடு செய்கிறார்கள். படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாவற்றையும் முதுகில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றும் மோட்டார்ஹோம் என்ற வண்டி அங்கே உண்டு. 1970களில் அவற்றுக்கு 'பிக் பிளாக்' எனப்படும் ராட்சத வி-8 பெட்ரோல் இன்ஜின்களைப் பொருத்தினார்கள். செவ்ரோலேயின் 454, கிரைஸ்லரின் 440, ஃபோர்டின் 460 ஆகியவை அதில் பேர்போனவை. இந்த எண்கள் கன அங்குலக் கணக்கு. 454 என்றால் 7.4 லிட்டர். நம் 1,489 சி.சி. அம்பாசிடர் இன்ஜின் ஐந்தைச் சேர்த்தால்தான் அந்தக் கொள்ளளவு வரும். அதன் எட்டு சிலிண்டர்களில் ஒன்றே ஒன்று, முழு மாருதி 800 இன்ஜினைவிடப் பெரியது.

வருடத்தில் சில வாரங்கள் மட்டும் ஓடும் வண்டி என்பதால் மோட்டார்ஹோமில் முதலில் சாவது உடம்புதான். கூரை ஒழுகி, மரச்சட்டம் உளுத்துப்போய்க் காயலான் கடைக்கு வரும்போதும் இன்ஜின் திடமாக இருக்கும். அதே காலத்தில் அதே தொழிற்சாலைகளிலிருந்து அதே குடும்பத்து இன்ஜினோடு வந்தவைதான் 'மசில் கார்' எனப்படும் வேகக் கார்கள். 1970இன் செவெல் எஸ்.எஸ். காரில் 454, டாட்ஜ் சார்ஜரில் 440. அந்தக் கார்களுக்கு உரிய இன்ஜினை இன்று வாங்கப்போனால் சொத்தை விற்க வேண்டும். ஆகவே செத்த மோட்டார்ஹோமின் இன்ஜினைக் கழற்றிப் பழைய மசில் காருக்குள் இறக்குகிறார்கள். பாரம் இழுத்த மாட்டைக் கொண்டுபோய் ஜல்லிக்கட்டுக்கு நிறுத்துகிற வேலை.

இறக்குவது எளிது. ஒரே குடும்பம் என்பதால் துளைகள்கூடப் பொருந்திவிடும். ஆனால் ஓட்டிப் பார்த்தால் இழுவை இருக்கும், பாய்ச்சல் இருக்காது. ஏன்?

இதற்கு நெய்வேலிச் சுரங்கத்தைக் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். பண்ருட்டியிலிருந்து கூப்பிடு தூரம்தான். மேல்மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் தோண்டும் வாளிச் சக்கர இயந்திரம், பல மாடி உயரச் சக்கரத்தைச் சோம்பேறித்தனமாகச் சுற்றும். நின்று பார்த்தால் நமக்கே கொட்டாவி வரும். ஆனால் அந்தச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்த எதனாலும் முடியாது. வேகம் சொற்பம், முறுக்கு அபாரம். இந்த முறுக்குவிசையைத்தான் பட்டறையில் 'புல்லிங்' என்கிறார்கள்.

ஒரு அடி நீள ஸ்பானரின் நுனியில் 40 கிலோ எடையை வைத்து அழுத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். நட்டில் விழும் முறுக்கு சுமார் 12 கிலோகிராம்-மீட்டர், அதாவது 120 நியூட்டன்-மீட்டர். அந்தக் காலத்து இரண்டு லிட்டர் டீசல் இன்ஜினின் உச்ச முறுக்கும் ஏறத்தாழ அவ்வளவுதான். 'இவ்வளவுதானா!' என்று தோன்றும். ஸ்பானரால் அந்த முறுக்கை ஒரு சுற்றுகூடத் தொடர்ந்து தர முடியாது, இன்ஜின் அதை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகளுக்குத் தருகிறது. முறுக்கையும் சுற்றையும் பெருக்கினால் வருவது திறன். அதைத்தான் குதிரைத்திறன் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். 120 நியூட்டன்-மீட்டரை 2,000 சுற்றில் தந்தால் 34 குதிரை. அதே முறுக்கை 4,000 சுற்றிலும் தர முடிந்தால் 67 குதிரை.

மேட்டில் பாரத்தோடு கிளம்ப வேண்டுமானால் குறைந்த சுற்றிலேயே முறுக்கு கிடைக்க வேண்டும். எதிர்க்காற்றைக் கிழித்துக்கொண்டு நூற்றைத் தாண்ட வேண்டுமானால் அதிகச் சுற்றிலும் அந்த முறுக்கு இளைக்காமல் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே இன்ஜினிடம் கேட்டால் அது இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம்தான் தரும். மோட்டார்ஹோம் இன்ஜினைச் செய்தவர்கள் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தேர்வு இன்ஜினின் அளவில் எழுதப்படுவதில்லை, கேம் ஷாஃப்டில் எழுதப்படுகிறது.

பொங்கலுக்கு முந்தின நாள் சென்னையிலிருந்து பண்ருட்டிக்குப் பஸ் ஏறியவர்களுக்கு இது சட்டென்று புரியும். கூட்டம் முண்டியடித்து ஏறுகிறது. கண்டக்டர் விசில் கொடுத்து வண்டி நகர ஆரம்பித்த பிறகும், பின்னால் இருப்பவர்கள் தள்ளுகிற வேகத்தில் இன்னும் நாலு பேர் உள்ளே வந்துவிடுவார்கள். கதவைக் கொஞ்சம் தாமதமாகச் சாத்தினால் கண்டக்டருக்கு லாபம். அதே பஸ் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நிற்கிறது. முண்டுகிற ஆள் இல்லை. கதவை அப்படியே திறந்துவைத்திருந்தால், ஏறியவர்களே டீ குடிக்க இறங்கிவிடுவார்கள்.

சிலிண்டருக்குள் காற்று நுழைவதும் இப்படித்தான். பிஸ்டன் கீழே இறங்கிக் காற்றை உறிஞ்சுகிறது. அடிமட்டம் தொட்டு மேலே திரும்பிய பிறகும் உள்வால்வு சிறிது நேரம் திறந்திருக்கும். அதிகச் சுற்றில், ஓடிவரும் காற்று தன் வேகத்தாலேயே உள்ளே புகுந்துகொண்டிருக்கும், வால்வைத் தாமதமாக மூடினால் சிலிண்டர் நிறையும். குறைந்த சுற்றில் காற்றுக்கு வேகம் இல்லை, தாமதமாக மூடினால் மேலே வரும் பிஸ்டன் ஏறிய காற்றையே வெளியே தள்ளிவிடும். வால்வு எப்போது மூட வேண்டும் என்பதைக் கேம் ஷாஃப்டின் மேடுகள் முடிவுசெய்கின்றன. மோட்டார்ஹோமுக்குச் சீக்கிரம் மூடும் கேம், பந்தயத்துக்குத் தாமதமாக மூடும் கேம். ஒரே இரும்பு, வேறு வேறு குணம்.

இன்னொன்று அமுக்க விகிதம். கலவையை எவ்வளவு இறுக்கிப் பற்றவைக்கிறோமோ அவ்வளவு வேலை கிடைக்கும். ஆனால் பெட்ரோலை அளவுக்கு மீறி இறுக்கினால் தானாக வெடித்து 'நாக்கிங்' வரும். மசில் கார் முழு மூச்சாக ஓடுவது கால் மைல் பந்தயத்தில், பதினைந்து விநாடிக்கும் குறைவாக. மோட்டார்ஹோமோ மலைப்பாதையில் அரைமணி நேரம் ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே ஏற வேண்டும். சூடேறி நாக்கிங் வந்தால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். எனவே அதற்கு அமுக்கத்தைக் குறைத்து வைத்தார்கள். ஆக, இறக்கிய பிறகு பிஸ்டன், ஹெட், கேம், சைலன்ஸர் குழாய் என்று ஒவ்வொன்றாக மாற்றினால்தான் மாடு சீறும்.

நடுவே ஒரு எச்சரிக்கை. பழைய அமெரிக்க இன்ஜின்களின் குதிரைக் கணக்கை அப்படியே நம்பிவிட வேண்டாம். 1971 வரை ஃபேன், ஏர் கிளீனர், சைலன்ஸர் போன்றவை இல்லாத மொட்டை இன்ஜினைச் சோதனை மேசையில் வைத்து அளந்தார்கள். 1972 முதல் எல்லாவற்றையும் மாட்டி அளந்தார்கள். ஒரே வருடத்தில் ஏராளமான குதிரைகள் காகிதத்திலேயே செத்துப்போயின. 1970இன் 454 இன்ஜினுக்குச் சொல்லப்படும் 450 குதிரை, மொட்டைக் கணக்குக் குதிரை.

இனி சென்னைக்கு வருவோம். இன்ஜின் மாற்றுவதைப் பட்டறைக்காரர்கள்தான் செய்வார்கள் என்பதில்லை, கார் கம்பெனியே செய்த கதை வண்டலூர்ப் பக்கம் நடந்தது.

பிரிட்டனில் ரோவர் கம்பெனி 1976இல் எஸ்.டி.1 என்ற காரை வெளியிட்டது. ஃபெராரியை நினைவூட்டும் மூக்கு, சரிந்த முதுகு, ஐந்து கதவு. 1977இன் ஐரோப்பியச் சிறந்த கார் விருது அதற்குத்தான். அதற்குள் இருந்தது 3.5 லிட்டர் அலுமினிய வி-8, 155 குதிரை. அந்த இன்ஜினே கைமாறி வந்ததுதான். அமெரிக்காவின் பியூக் கம்பெனி 1961இல் கொண்டுவந்து, 1963இல் கைவிட்ட இன்ஜின் அது. படகு மோட்டார் செய்யும் ஒரு கம்பெனிக்குப் போன ரோவர் அதிகாரி அங்கே அதைப் பார்த்துவிட்டு உரிமையை வாங்கச் செய்தார்.

சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியை நம் அப்பாக்களுக்கு ஹெரால்டு காரால் தெரியும். அந்தக் கம்பெனி எஸ்.டி.1 காரின் உடம்பை வாங்கி, 1985இல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று விற்பனைக்கு விட்டது. உடம்பு வந்தது, வி-8 வரவில்லை. நம் சாலைக்காகக் காரின் உயரத்தைக் கூட்டி, உள்ளே கம்பெனியின் கையிருப்பில் இருந்த 1,991 சி.சி. நான்கு சிலிண்டர் இன்ஜினை வைத்தார்கள். சுமார் 83 குதிரை.

அந்த நான்கு சிலிண்டரின் பூர்வீகத்தைக் கேட்டால் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரிட்டனின் ஸ்டாண்டர்டு கம்பெனி அதைக் காருக்கும் டிராக்டருக்கும் சேர்த்தே வடிவமைத்தது. ஒருபக்கம் வான்கார்டு காரில் ஓடியது, மறுபக்கம் ஃபெர்குசன் டிராக்டரில் உழுதது. சிலிண்டர் சுவர் தனி லைனராக இருக்கும், அதைச் சுற்றி நேராகத் தண்ணீர் ஓடும். லைனரைக் கழற்றிவிட்டு வேறு விட்டமுள்ளதைப் போட்டால் இன்ஜினின் கொள்ளளவே மாறிவிடும். வான்கார்டில் 85 மி.மீ. விட்டம், 2,088 சி.சி. அதையே 83 மி.மீ. ஆக்கினால் 1,991 சி.சி. இரண்டு லிட்டர் பந்தயப் பிரிவுக்குள் நுழைவதற்காக அப்படிக் குறைத்து, டிரையம்ப் டி.ஆர்.2 என்ற இரண்டு ஸீட் ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தார்கள்.

அந்த டி.ஆர்.2, 1953இல் பெல்ஜியத்தின் ஜாபெக் நெடுஞ்சாலையில் மணிக்கு 200 கிலோமீட்டர் ஓடிக்காட்டியது. சற்றுச் சீர்செய்த வண்டிதான், ஆனாலும் டிராக்டரின் ரத்த உறவு அது! கடையில் விற்ற வண்டியே 170ஐத் தொட்டது. உழுகிற இன்ஜின் ஓடாது என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அப்படியானால் அதே குடும்பத்து, அதே 1,991 சி.சி. இன்ஜின் சென்னையில் ஏன் மண்ணைக் கவ்வியது? டி.ஆர்.2 ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, 90 குதிரை. ஸ்டாண்டர்டு 2000இன் உடம்போ ஏறத்தாழ 1,300 கிலோ. டன் ஒன்றுக்கு டி.ஆர்.2இல் 95 குதிரை, பிரிட்டிஷ் ரோவரில் 115க்கு மேல், சென்னை வண்டியில் 65க்கும் குறைவு. எடுத்த வி-8 அலுமினியம், வைத்தது வார்ப்பிரும்பு. ஆகவே சிலிண்டர் பாதியானாலும் எடையில் மிச்சம் பிடிக்க வழியில்லை. தேர் செய்து அதற்குக் கன்றுக்குட்டியைப் பூட்டிய கதை. ஏறத்தாழ நாற்பது வயதான வடிவமைப்பு என்பது இன்னொரு பாரம். 1988இல் அந்தக் கார் நின்றுபோனது. இன்றும் எங்காவது ஒன்று நிற்கிறது என்றால் அதை ஆசையோடு சுற்றிப் பார்க்கிறோம், அழகில் குறை சொல்ல முடியாது. இயற்பியலுக்கு அழகு பொருட்டில்லை.

அதே தவறைக் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவிலும் செய்தார்கள். ஆனால் திருத்திக்கொண்டார்கள். இந்தியாவின் மசில் கார் என்று இப்போது ரசிகர்கள் கொண்டாடும் கான்டெஸா 1984இல் வந்தபோது, அத்தனை நீள உடம்புக்குள் அம்பாசிடரின் 1,489 சி.சி. இன்ஜின்தான் இருந்தது. சுமார் 50 குதிரை. பிறகு இஸுஸுவின் 1.8 லிட்டர் இன்ஜினையும் ஐந்து கியர் பெட்டியையும் இந்துஸ்தான் மோட்டார்ஸ் வைத்தது, குதிரை எண்பதைத் தாண்டியது. கான்டெஸாவின் பெயரை 2002 வரை காப்பாற்றியது அந்த இன்ஜின் மாற்றம்தான் என்பது என் கட்சி.

இந்தக் கணக்குகளோடு மாமாவின் அம்பாசிடருக்குத் திரும்புகிறேன். பாய் செய்ததை இப்போது நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. மேட்டடாரில் இன்ஜின் முன்சக்கரத்தைச் சுற்றும், அம்பாசிடரில் பின்சக்கரத்தை. எனவே மேட்டடார் கியர் பெட்டிக்கு வேலையில்லை. மேட்டடார் இன்ஜினின் முதுகில் அம்பாசிடர் கியர் பெட்டியை உட்காரவைக்க லேத்தில் ஒரு தடித்த இரும்புத் தட்டைக் கடைந்தார். ஒரு பக்கம் இன்ஜினின் துளைகள், மறு பக்கம் கியர் பெட்டியின் துளைகள். கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர் பெட்டி ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் கிளட்ச் அதிரும், பேரிங் சில மாதத்தில் சத்தம் போடும். அந்தத் தட்டை அவர் நான்கு முறை கழற்றி மாட்டினார். ஐந்தாம் முறை கழற்றவில்லை.

டீசல் இன்ஜின் கனம். மூக்கு தாழ்ந்தது. முன்பக்க டார்ஷன் பாரை ஏற்றி நிமிர்த்தினார். ஆனாலும் ஸ்டியரிங் கனத்தது, கடைசிவரை குறையவில்லை. பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் அமுக்கும் இன்ஜினைக் கிளப்ப பெரிய பேட்டரி. டீசலின் அதிர்வைத் தாங்கத் தடித்த ரப்பர் மவுண்ட். ரேடியேட்டரை மட்டும் மாற்றாமல் விட்டார்கள், விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் சூடு முள் சிவப்பைத் தொட்டது. அடுத்த வாரம் அதுவும் மாறியது.

இத்தனையும் செய்தும் மாமாவின் முதல் கேள்விக்குப் பதில் "இல்லை" என்றே ஆனது. எண்பதைத் தாண்டினால் வண்டி அலறும். காரணம் இன்ஜினில் மட்டும் இல்லை, பின்சக்கரங்களுக்கு நடுவில் உள்ள கிரவுன் பினியன் பல்சக்கரங்களில் இருந்தது.

கணக்கை எளிதாக்க டயரின் சுற்றளவு 2 மீட்டர் என்று வைப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 1,000 மீட்டர், அதாவது சக்கரம் 500 சுற்று. கிரவுன் பினியன் விகிதம் நான்கரை, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற புரொப்பல்லர் ஷாஃப்ட் நான்கரை சுற்று என்றால், டாப் கியரில் இன்ஜின் 2,250 சுற்று சுற்றும். பெட்ரோல் இன்ஜினுக்கு இது காலை நடை. 3,000 சுற்றுக்கு மேல் மூச்சுவாங்கும் டீசலோ மணிக்கு 80லேயே எல்லையைத் தொட்டுவிடும். விகிதத்தை மூன்றரையாகக் குறைத்தால் அதே 3,000 சுற்றில் 103 போகலாம். கீழ்ச்சுற்றில் முறுக்கு உள்ள இன்ஜினுக்கு அதனால் திணறலும் வராது. மாமா இன்ஜினை மாற்றினார், கிரவுனை மாற்றவில்லை. அமெரிக்காவில் மசில் காருக்குள் பிக் பிளாக்கை இறக்குகிறவர்களும் பல நேரம் கோட்டைவிடுவது இங்கேதான்.

டீசல் மலிவாக இருந்தவரை இந்த அலறலுக்கு அர்த்தம் இருந்தது. 2010இல் பெட்ரோல் விலைக்கட்டுப்பாடும் 2014இல் டீசல் விலைக்கட்டுப்பாடும் போன பிறகு அந்த லாபமும் மெலிந்தது. சட்டமும் இறுகிவிட்டது. தயாரிப்பாளர் தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிற 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அழுத்தமாக உறுதிசெய்தது. இன்ஜின் மாற்றுவதானால் முதலில் போக வேண்டிய இடம் பட்டறை இல்லை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்.

அனுமதி கிடைக்குமானால், இன்ஜினுக்கு விலை பேசுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். முன்சக்கரங்களுக்குக் கல் அணைகொடுத்து, பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுங்கள். தூக்கிய சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். வண்டிக்கு அடியில் நுழையாமல் பக்கத்திலிருந்தே குனிந்து, புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். அந்த எண்தான் உங்கள் கிரவுன் விகிதம். அது நான்கரையாக இருந்து, வாங்கப்போவது டீசல் இன்ஜினாகவும் இருந்தால், பாயிடம் பலாப்பழத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள்.